சந்து முனையில் தொங்கும் பந்து

"சட்டம் எல்லாருக்கும் பொதுன்னா, அந்தச் சட்டம் சொல்ற அளவை மட்டும் ஏன் விலை போட்டு விக்கறாங்க?"

இடியக்கா என்னிடம் இதைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. "இத்தனை வருஷம் புத்தகம் சுமந்தியே, சொல்லு பாப்போம்" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதை. என் பேச்சு இத்துடன் போதும்.

இடியக்காவின் பட்டறை ஒரு சந்தின் நடுவில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டும், அவ்வளவு குறுகல். இரண்டு பக்கமும் இரும்பு வேலைதான். வாசல் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஸ்டாண்டு என்று எது கேட்டாலும் அந்தச் சந்தில் கிடைக்கும். காலையில் கதவுகள் திறந்ததும் இரும்பு அறுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அக்காவின் குரல் இடி போல ஆகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால்கூடச் சந்து முனை வரை கேட்கும். அதனால் அவரிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை.

பட்டப்பெயரில் அவருக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான். எந்த வேலையை முடித்தாலும் கடைசிக் கம்பியின் அடியில் உளியால் ஒரு சின்ன மின்னல் கோடு கொத்திவிடுவார். "இடி வந்து போன எடம்னு தெரிய வேண்டாமா?" என்பார்.

இளம் வயதில் இதே சந்தில் ஒரு பட்டறைக்கு அவர் பில் எழுதத்தான் வந்தார். ஒருநாள் அந்தப் பட்டறையின் வெல்டர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு பாதி வேலையில் போய்விட்டார். வாசல் கதவுக்குச் சொல்லியிருந்த ஆள் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். முதலாளி வெல்டரைச் சமாதானம் செய்து கூட்டிவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் கதவு முடிந்திருந்தது.

"யார் வெச்ச வெல்டிங் இது?" என்று முதலாளி கேட்டார்.

"கோணலா இருந்தா அவரு வெச்சது. நேரா இருந்தா நான் வெச்சது" என்றார் பில் எழுத வந்தவர்.

அன்றோடு பில் புத்தகத்தை மூடி வைத்தவர்தான். பிறகு முதலாளி வயதாகி விலகியபோது பட்டறையை இவரே எடுத்து நடத்தினார். இவருடைய வீட்டுக்காரர் ஒரு சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். சந்தில் எல்லோருக்கும் அவர் வண்டிக்காரர். செய்த கதவையும் கம்பியையும் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை மிச்சம்.

வீட்டு வேலைகளாகவே செய்துகொண்டிருந்த இடியக்காவுக்கு அரசாங்க வேலை எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டறைகளின் பட்டியலில் பெயர் வர வேண்டும். நடையாய் நடந்து அந்தப் பட்டியலில் ஏறினார். முதல் வேலையாகப் புதிதாய்க் கட்டிய குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக் கைப்பிடி கிடைத்தது. பட்டறைக் கூரை ஒழுகியது. வெல்டிங் மெஷின் இருமிக்கொண்டிருந்தது. இந்த வேலை நன்றாக முடிந்தால் அடுத்தடுத்து வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார்.

கைப்பிடியை நட்டு முடித்ததும் வந்த ஆய்வு நாளன்று தீப்பொறி பட்டு ஓட்டை விழாத உடுப்பாகத் தேடி உடுத்திக்கொண்டு கிளம்பினார். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

ஆய்வாளர் அக்காவைவிட வயதில் இளையவர், மெல்லப் பேசும் பெண். தோளில் ஒரு துணிப்பை. கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பற்றவைத்த இடங்களை விரலால் தடவினார். "வேலை ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார். இடியக்கா அதற்குள் மனசுக்குள் அடுத்த வேலைக்கே இரும்பு வாங்கிவிட்டார்.

அப்போது ஆய்வாளர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பந்தை எடுத்தார். அதை இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்தார். பந்து விடைபெற்றுக்கொள்வது போல மெதுவாக நழுவி அந்தப் பக்கம் போனது. கீழ்த்தளத்தில் "டொம்" என்று விழுந்து, எகிறி, உருண்டு, சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவரின் ஏணியடியில் போய் நின்றது. அவர் ஏணியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அம்மா, பந்து போயிடுச்சே" என்றார் ஆய்வாளர்.

"அது விழுந்த சத்தம் கட்டடத்துக்கே கேட்டுச்சு. உங்களுது சின்னப் பந்தா இருக்கும். நல்லாப் பாருங்க."

"சரியான பந்துதாம்மா. இதையும் சோதிச்சு முத்திரை வாங்கித்தான் வெச்சிருக்கோம். தவழற குழந்தையோட தலை கம்பிக்கு நடுவுல நுழைஞ்சிடக் கூடாது. அதைப் பாக்கத்தான் இந்தப் பந்து."

இடியக்கா படிக்கட்டின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். பந்து கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"இந்த அளவெல்லாம் எதுல எழுதியிருக்கு?" என்று பிறகு கேட்டார்.

ஆய்வாளர் விளக்கினார். கட்டடச் சட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: படிக்கட்டுக் கைப்பிடி தரநிலைப்படி இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் தரநிலை என்பது அளவுகள் எல்லாம் அடங்கிய தனிப் புத்தகம். அதை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

"உங்ககிட்ட இருக்குமே. ஒரு நாள் கொடுங்க, பாத்துட்டுத் தரேன்."

"எங்க ஆபீசுக்குன்னு வாங்கினதும்மா. பக்கத்துக்குப் பக்கம் எங்க பேரு அடிச்சிருக்கு. வெளிய கொடுத்தா என் வேலை போயிடும்."

"அப்ப வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

ஆய்வாளர் தயங்கினார். "பந்தோட அளவைச் சொல்றேன். மிச்சத்தை நான் ஞாபகத்துல இருந்து சொல்லி, ஏதாவது ஒண்ணு விட்டுப்போச்சுன்னா? என்னை நம்பி நீங்க செய்வீங்க. அடுத்த தடவை நானே வந்து உங்களை நிறுத்தணும். அது நியாயமில்லம்மா."

அடுத்த தடவை என்பது ஒன்றே ஒன்றுதான். மறு ஆய்விலும் தவறினால் வேலை ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். இடியக்காவின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். கைப்பிடி சரியில்லை என்று ஆஸ்பத்திரியே திருப்பி அனுப்பிய பட்டறைக்கு யார் வீட்டு வேலை கொடுப்பார்கள்? பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சந்துக்குத் திரும்பியதும் அக்கா நேராகத் தன் அளவுக்கட்டையைத் தேடி எடுத்தார்.

அந்தச் சந்தில் எல்லாப் பட்டறையிலும் ஒரு மரக்கட்டை உண்டு. ஒரு கம்பியை நிறுத்தி, கட்டையை அதோடு ஒட்டி வைத்து, அடுத்த கம்பியைக் கட்டையின் மறுபக்கம் நிறுத்தினால் இடைவெளி தானாக வந்துவிடும். டேப்பே தேவையில்லை. புதிதாகப் பட்டறை வைப்பவர் பக்கத்துப் பட்டறைக் கட்டையை இரவல் வாங்குவார். பலகையில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அறுத்துக்கொள்வார். பட்டறையை எடுத்தபோது அக்காவும் அப்படித்தான் செய்தார்.

"எல்லாரும் அவங்கவங்க கட்டையை எடுத்துட்டு வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். சந்தே வந்துவிட்டது.

சந்திலேயே பழைய ஆளான லேத்து மாமா கடைசல் பிடிக்கும் லேத்தை நிறுத்திவிட்டு, அளக்கும் வெர்னியரோடு வந்தார். எதிர்ப் பட்டறைக்காரரும் வந்தார். அவருக்கு நாளைக்கண்ணன் என்று பெயர். யார் வந்து வேலை முடிந்ததா என்று கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். கட்டைகளை வயது வாரியாக அடுக்கி வைத்து மாமா ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாவற்றிலும் பழையதான மாமாவின் கட்டை சின்னதாக இருந்தது. அதைப் பார்த்து அறுத்தது ஒரு துளி பெரிசு. அதைப் பார்த்து அறுத்தது இன்னும் ஒரு துளி. தாத்தா, அப்பா, பிள்ளை, பேரன் என்று ஒரு குடும்பமே உயர வாரியாக நிற்பது போலக் கட்டைகள் நின்றன. அக்காவுடையது பேரன். எல்லாவற்றிலும் பெரியது நாளைக்கண்ணனுடையது.

"என் கட்டையில ஒரு குறையும் கிடையாது" என்றார் நாளைக்கண்ணன்.

"குறை எங்கய்யா இருக்கு? கொழுத்துப் போயில்ல இருக்கு!" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். இடியக்கா சிரிக்கவில்லை. மாமாவின் கட்டையையும் நாளைக்கண்ணனின் கட்டையையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு நின்றார். "கோட்டுக்கு உள்ள அறுத்தா சின்னதாயிடுமேன்னு எல்லாரும் கோட்டுக்கு வெளிய அறுத்திருக்கோம். ஒரு பென்சில் கோடுதானேன்னு விட்டோம். கோடு கோடா சேந்து குழந்தை தலை போற சந்தாயிடுச்சு."

"இதுக்கா இவ்வளவு கவலைப்படறே?" என்றார் நாளைக்கண்ணன். "கம்பிக்குப் பக்கத்துல ஒரு பட்டையை ஒட்டிப் பத்தவெச்சு விடு. பந்து போகாது. கதை முடிஞ்சுது."

"பந்து போகாதுண்ணே. ஆனா அந்தப் புத்தகத்துல பந்து மட்டும்தான் இருக்கா, இன்னும் என்னென்ன இருக்கு? அது தெரியாம இனி நான் கம்பியில கை வெக்க மாட்டேன்."

அன்று சாப்பிடும்போது வண்டிக்காரரின் போனில் புத்தகத்தின் விலையைத் தேடினார்கள். வண்டிக்காரர் பார்த்துவிட்டுப் போனை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். புது வெல்டிங் மெஷினுக்கு என்ன விலையோ அந்த விலை. பக்கங்களோ பள்ளிக்கூட நோட்டை விடக் கொஞ்சம். ஒருவர் மட்டும் படிக்கலாம், நகல் எடுக்கக் கூடாது என்று கீழே ஒரு நிபந்தனை. போதாததற்கு, இதைப் புரிந்துகொள்ள இன்னின்ன தரநிலைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வேறு மூன்று புத்தகங்களின் எண்கள்.

"ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டா கூடவே மூணு பேரைக் கூட்டிட்டு வராரு" என்றார் இடியக்கா. "சட்டத்தைச் சும்மா படிக்கலாமாம். அது சொல்ற அளவைப் படிக்கக் காசாம். ஏங்க, இது எப்படிங்க?"

"தெரியலையேம்மா" என்றார் வண்டிக்காரர். "தொழில்நுட்ப நூலகத்துக்கு அலமாரி ஏத்திட்டுப் போனேன்ல, அங்க மேல்மாடியில இந்த மாதிரி எல்லாம் வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க."

அவர் வருஷத்துக்கு ஒரு முறை பேசினாலும் உருப்படியாகப் பேசுவார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வதுண்டு.

நூலகத்தின் மேல்மாடியில் தரநிலை படிக்க ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒருவருக்கு ஒரு மணி நேரம். போனையும் பேனாவையும் வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். அச்சு எடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது. விதிகளை நூலகர் நிதானமாகப் படித்துக் காட்டினார். கண்ணாடியை மூக்கின் நுனியில் மாட்டியிருக்கும் மனிதர்.

"மனசுல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார் இடியக்கா. படிப்பறை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது.

நூலகர் விதித்தாளை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "மனசைப் பத்தி இதுல ஒண்ணும் போடலை."

"வெளிய போய் எங்க பேச்சுல பேசிக்கலாமா?"

"பேச்சை இன்னும் யாரும் விலை போடலைம்மா. ஆனா இங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

அக்கா தன் கேள்வியை அவரிடமும் கேட்டார். நூலகர் கோபப்படவில்லை. "இதை எழுத நிபுணருங்க வருஷக்கணக்கா உக்காந்து பேசறாங்க. சோதனை பண்றாங்க. அதுக்கெல்லாம் செலவு ஆகுது. புத்தகம் வித்துத்தான் அந்தச் செலவை எடுக்கறாங்க."

"அவங்க உழைப்புக்கு அவங்களுக்குக் காசு வரட்டுங்க. நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆனா கம்பி நடறவங்கிட்ட வாங்கினா, வாங்க முடியாதவன் என்ன பண்ணுவான்? கட்டையைப் பாத்து அறுப்பான். கடைசியில பந்து போற எடத்துல குழந்தை நிக்கும்."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு என்கிட்டப் பதில் இல்லம்மா. கம்ப்யூட்டர்தான் இருக்கு. உக்காருங்க."

படிப்பது லேசாக இல்லை. ஒரு வாக்கியம் மூச்சு விடாமல் ஐந்து வரி ஓடியது. அதன் முடிவில் வேறொரு பத்தியைப் பார்க்கச் சொன்னது. அந்தப் பத்தி ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னது. ஒரு மணி நேரம் முடிந்து எழுந்தபோது அக்காவுக்குத் தலை நிறைந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே கொட்டிவிட்டது.

ஆனால் அவர் சோர்ந்து உட்காரும் ரகமில்லை. மறுநாள் காலையில் சந்தின் நடுவில் நின்று அறிவித்தார். "ஒரு ஆளு மொத்தத்தையும் சுமக்க முடியாது. ஆளுக்கு ஒரு பத்தி. விடுமுறை அன்னிக்கு வண்டியில போறோம்."

"இந்த வயசுல என்னை மனப்பாடம் பண்ணச் சொல்றியா?" என்றார் லேத்து மாமா.

"பழைய பாட்டெல்லாம் ஒரு வரி விடாமப் பாடறீங்களே மாமா. அதே வாய்தானே?"

"நாளைக்குப் பாக்கலாம்" என்றார் நாளைக்கண்ணன்.

"அண்ணே, இது என் வேலைன்னு நெனைக்காதீங்க. அடுத்து உங்க கம்பியிலயும் பந்து போடுவாங்க. உங்க கம்பியில பந்து இல்ல, நூலகரே உள்ள போயிடுவாரு."

விடுமுறை அன்று நாளைக்கண்ணனும் வண்டியில் ஏறிவிட்டார்.

ஒவ்வொருவராக மேலே போய் ஒரு மணி நேரம் படித்துவிட்டு, உதடு முணுமுணுக்க இறங்கி வந்தார்கள். திரும்பும் வழியில் யாரும் யாரோடும் பேசக் கூடாது என்று கட்டளை. ஒரு முனையில் மாடு குறுக்கே வர, வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அடிக்காதய்யா! ஒரு வரி விழுந்துடுச்சு!" என்று அலறினார் மாமா.

அதற்கப்புறம் சந்தில் இரும்புச் சத்தத்தோடு தரநிலைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஒருவர் கம்பியை அறுத்தபடியே இடைவெளிப் பத்தியைச் சொல்வார். இன்னொருவர் தேநீரோடு உயரப் பத்தியைச் சொல்வார். யாருமே எதிர்பார்க்காத விஷயம், நாளைக்கண்ணனின் ஞாபகசக்தி. தன் பத்தியைக் கமா, புள்ளி விடாமல் ஒப்பித்தார்.

"எப்படிண்ணே?" என்று அக்கா வியந்து கேட்டார்.

"யாருக்கு என்ன காரணம் சொல்லி அனுப்பினேன்னு மறந்துட்டா நான் தொழில் பண்ண முடியுமா? ஒருத்தருக்கு மச்சானுக்குக் காய்ச்சல்னு சொல்லியிருப்பேன், இன்னொருத்தருக்குக் கரண்ட் இல்லைன்னு சொல்லியிருப்பேன். மாத்திச் சொன்னா மாட்டிக்குவேன்ல?"

சிக்கல் கைப்பிடியின் உயரத்தில் வந்தது. படியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும் என்றார் மாமா. இல்லை, படியின் முன் நுனியிலிருந்து என்றார் நாளைக்கண்ணன். அது வேறு ஒருவர் பத்தி, அவருக்கோ எண் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இரண்டு பேருமே கடந்துபோகும்போது பார்த்தது. இருவரும் சத்தியம் செய்யாத குறை. மறு ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளை இன்றைக்கே அறுக்க ஆரம்பித்தால்தான் முடியும்.

"கையைத் தூக்கச் சொல்லி எண்ணிடுவோம்" என்றார் யாரோ.

"எண்ணினா கைப்பிடி உயருமா?" என்றார் இடியக்கா. "மாமா நெனப்பு ஒரு கட்டை. அண்ணன் நெனப்பு ஒரு கட்டை. கட்டையைப் பாத்துக் கட்டை அறுத்ததாலதான் நான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறேன். நேரம் போனாப் போகட்டும். மறுபடியும் அங்கயே போய்ப் பாப்போம்."

மாமாவையும் நாளைக்கண்ணனையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் மேல்மாடி ஏறினார். நாளைக்கண்ணன் சொன்னதுதான் சரி. முன் நுனி. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் இடியக்காவின் கண் அங்கே நிற்கவில்லை. படத்துக்கு அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பந்தைச் சும்மா வைத்துப் பார்த்தால் போதாது. இவ்வளவு விசையோடு அழுத்தித் தள்ள வேண்டும். கம்பி வளைந்து வழி விட்டாலும் தவறுதான். எப்படித் தள்ளுவது என்பதற்கு இன்னொரு புத்தகத்தின் எண் கொடுத்திருந்தது. நூலகர் வந்து அதையும் திறந்து கொடுத்தார்.

அக்கா இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போட்ட கம்பி மெல்லிசு. இடைவெளியைச் சரியாக வைத்து, அதே கம்பியை நட்டிருந்தால் தள்ளும்போது வளைந்திருக்கும். பந்து மறுபடியும் கீழே போயிருக்கும். அதோடு பட்டறையும்.

"பட்டையை ஒட்டச் சொன்னேனே" என்று நாளைக்கண்ணன் மெல்ல ஆரம்பித்தார்.

"பேசாதீங்கண்ணே. நூலகத்துல சத்தம் போடக் கூடாது" என்றார் இடியக்கா. அவர் வாயிலிருந்து இதைக் கேட்ட நூலகர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

புது மெஷினுக்காகச் சேர்க்கத் தொடங்கியிருந்த பணம் கனமான கம்பியாக மாறியது. பழைய மெஷின் இருமிக்கொண்டே வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் நட்ட கம்பிகளை ஒன்று விடாமல் அறுத்தெடுத்தார்கள். மாமா எஃகில் ஒரு புது அளவுத்துண்டைக் கடைந்து கொடுத்தார். வண்டிக்காரர் சரக்கு ஏற்றி இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கண்ணன் தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காரணம் சொல்லிவிட்டு வந்து கூட உழைத்தார். இந்த ஒரு முறை அவர் சொன்ன காரணம் உண்மை. யாரும் நம்பவில்லை.

மறு ஆய்வுக்கு ஆய்வாளர் பந்தோடு விசை அளக்கும் கருவியும் கொண்டுவந்திருந்தார். முதலில் படியின் முன் நுனியிலிருந்து உயரத்தை அளந்தார். தலையசைத்தார். பிறகு பந்தைக் கம்பிகளுக்கு நடுவே வைத்தார். அது நின்றது. கருவியை வைத்துத் தள்ளினார். கம்பி மிக மெல்ல முனகியது. இடியக்கா படிக்கட்டில் உட்கார்ந்து கம்பியின் அடியைக் கூர்ந்து பார்த்தார். ஆய்வாளர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பந்து, சந்தில் முகத்தை நுழைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று யோசிக்கும் பூனை போல அங்கேயே நின்றது. கீழே சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆய்வாளர் ஒவ்வொரு இடைவெளியாகப் பார்த்துக்கொண்டே மேல்படி வரை போனார். திரும்பி வந்து, "சரியா இருக்கும்மா. எல்லாமே சரியா இருக்கு" என்றார். "புத்தகம் வாங்கிட்டீங்களா?"

"வாங்கலைங்க. மனப்பாடம் பண்ணிட்டோம்."

ஆய்வாளர் நம்பாமல் பார்த்தார். இடியக்கா எழுந்து நின்று இடைவெளிப் பத்தியைத் தன் பேச்சில் சொன்னார். குறிப்பையும் விடவில்லை. படிக்கட்டு முழுவதும் எதிரொலித்தது. வேறு வேலையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"சில வருஷத்துக்கு ஒரு தடவை இதை மாத்துவாங்கம்மா" என்றார் ஆய்வாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மாத்தட்டும். நூலகம் எடத்தை மாத்தாம இருந்தாப் போதும்" என்றார் அக்கா. "ஒரு உதவிங்க. உங்க பந்தைக் கொஞ்சம் தரீங்களா? நகல் எடுக்க இல்ல. சரிபாக்க."

மாமா எஃகில் ஒரு பந்தும் கடைந்து வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த எஃகுப் பந்துதான் இப்போது சந்து முனையில் சங்கிலியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டையைக் கொண்டுவந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காசில்லை. இன்னொருவர் கட்டையைப் பார்த்து மட்டும் அறுக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. பழைய கட்டைகளை எல்லாம் பந்துக்குப் பக்கத்துச் சுவரில் உயர வாரியாக ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். கடைசி இடம் மட்டும் காலி. நாளைக்கண்ணன் தன் கட்டையை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை சந்துக்காரர்கள் வண்டியில் ஏறி நூலகத்துக்குப் போய், ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள். நூலகர் அன்றைக்குப் படிப்பறையில் நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டு வைக்கிறார்.

எல்லோரும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். இடியக்கா நினைக்கவில்லை. அவர் பெயர் பட்டியலில் நிலைத்தது, அடுத்த வேலையும் வந்தது. ஆனால் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"ஆஸ்பத்திரிக்குப் பந்தோட ஒருத்தங்க வந்தாங்க. நாம வீடு வீடாப் போட்ட கைப்பிடிக்கு யாரு பந்தோட போவாங்க?"

வண்டிக்காரர் கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

மாமா அதே அளவில் மரத்தில் கடைந்து கொடுத்த ஒரு பந்தோடு கிளம்பினார்கள். ஞாபகம் வந்த முதல் வீட்டில் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்துகொண்டு, "நல்லா இருக்கற கம்பியைக் காட்டிப் புதுசா பணம் கறக்க வந்திருக்கீங்களா?" என்றார்.

"ஒரு காசு வேண்டாம். இந்தப் பந்தை மட்டும் வெச்சுப் பாக்க விடுங்க."

பந்து நழுவிக் கீழே விழுந்தது. அந்த வீட்டுக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. தத்தித் தத்திப் போய்ப் பந்தை எடுத்துவந்து, தானே கம்பிக்கு நடுவே நீட்டி, மறுபடியும் கீழே போட்டது. வீட்டுக்காரரின் முகம் மாறியது. கதவை முழுவதும் திறந்தார். அக்கா வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் பணம் நீட்டினார். "தப்பு என் கட்டையோடது. அதுக்கு நீங்க எதுக்குக் கொடுக்கணும்?" என்று அக்கா வாங்கவில்லை.

அப்படியே வீடு வீடாக இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் அந்த வண்டி எங்கேயாவது ஒரு வாசலில் நிற்கும். ஆனால் எல்லா வீடும் அவருக்கு ஞாபகம் இல்லை. இந்தச் சந்துக்கு பில் எழுத வந்தவர், சொந்தப் பட்டறை வைத்த பிறகு ஒழுங்காக ஒரு பில்கூட எழுதியதில்லை. அதைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொள்கிறார். வீடு மாறிப் போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டையே விற்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் சொன்ன கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. பதில் வரும் வரைக்கும் அக்கா காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ மாடிப்படி இருந்தால், கடைசிக் கம்பியின் அடியில் குனிந்து பாருங்கள். சின்னதாக ஒரு மின்னல் கோடு இருந்தால் அது இடியக்கா போட்டது. பந்து தொங்கும் சந்துக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வந்து சரிசெய்து கொடுப்பார். கோடு இல்லாத கம்பியையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கட்டையைப் பார்த்துத்தான் நட்டிருப்பார், அதையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அக்காவின் குரல் சந்து முனை வரைக்கும்தான் எட்டும். அதற்கப்பால் இந்தக் கதையை நீங்கள்தான் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.